பகடை யார் கையில்?

2024ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள், ஒரு சனிக்கிழமை. பேரளத்திலிருந்து கிழக்கே செல்லும் பேருந்திலே நாம் இடம்பிடித்து அமர்ந்தோம். நின்றோர் பலர், தொங்கினோர் சிலர். ஆயினும் அத்தனைக் கூட்டமும் இரண்டே வகை. நல்லெண்ணெய்ப் புட்டியும், எள் முடிச்சும், கருப்புத் துணியுமாக வந்தோர் ஒரு வகை; அவர்கள் திருநள்ளாற்றில் இறங்குவோர். வெறுங்கையோடு வந்து, வேறு புட்டியைத் தேடிச் செல்வோர் மற்றொரு வகை. அவர்கள் காரைக்கால் வரை செல்வோர். முன்னவர் விதியை மாற்றப் போகின்றனர். பின்னவர் விதியை மறக்கப் போகின்றனர். சீட்டுக் கிழித்துத் தந்த நடத்துநருக்கோ இருவரும் ஒன்றே!

பக்கத்து இருக்கையிலே ஓர் அம்மையார். அவர் கழுத்திலே மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. அருகே மகன், இருபத்தைந்து வயதிருக்கும். தலை நிமிரவில்லை.

"எங்கே அம்மா பயணம்?" என்றோம்.

"திருநள்ளாத்துக்குங்க ஐயா. பையனுக்கு ஏழரைச் சனி நடக்குது. அவன்மேல தப்பில்லைங்க. நேரம் அப்படி."

நேரம் என்ன செய்ததென்று கேட்டோம். சொன்னார். ஆறு மா நிலம் குத்தகை. சூன் 12இல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை அவ்வாண்டு சூலை 28இல்தான் திறந்தது. குறுவை போயிற்று. வேலையின்றி வீட்டிலிருந்த மகன் கைப்பேசியிலே சீட்டாடக் கற்றான். முதலிலே சில நூறு வந்தது. பிறகு சம்பாவுக்கு உரம் வாங்க வைத்திருந்த பணம் போனது. போனதை மீட்கத் தாயின் சங்கிலி அடகுக்குப் போனது. அதுவும் மீளவில்லை.

தப்பு யாருடையது? மகனுடையதா, நேரத்தினுடையதா, ஆட்டத்தை நடத்தியவனுடையதா? பேருந்து அம்பகரத்தூரைக் கடக்கும் வரையிலும் இந்தக் கேள்வியே நம் நெஞ்சைக் குடைந்தது. இன்றும் விட்டபாடில்லை. அறநூல்கள் பேசாத கேள்வி அன்று இது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்துச் சூது என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவரோ ஆடுவோனைப் பார்த்துப் பேசினார். நாம் இன்று ஆட்டுவிப்போனையும் பார்த்துப் பேசவேண்டியிருக்கிறது.

தோழர்களே, திருநள்ளாற்றை நோக்கி மக்கள் ஏன் செல்கின்றனர்? நளன் என்றொரு வேந்தன், சூதாடினான், நாடிழந்தான், மனைவியைக் காட்டிலே கைவிட்டான். சனி பிடித்ததால் வந்த வினையாம் அது. இங்குள்ள குளத்திலே முழுகியதும் சனி விலகிற்றாம். ஆகவே குளத்துக்கு நளதீர்த்தம் என்று பெயர். ஆடியவன் நளன், காயை உருட்டியவன் அவன் தாயாதி புட்கரன், பழியோ கோடிக்கணக்கான கல் தொலைவிலே, வளையம் சூழ, வாய்திறவாது சுற்றிவரும் ஒரு கோளின் தலையிலே! மறுத்துரைக்க அதற்கு நாவில்லை என்ற துணிவன்றோ?

வேடிக்கை என்னவென்றால், மூலக்கதை இதுவன்று. பாரதத்திலே நளனைப் பற்றியதாகச் சொல்லப்படுவது கலி; சனி அல்ல. தமிழிலே புகழேந்தி பாடிய நளவெண்பாவிலும் கலிதான். தலபுராணம் எழுதியவர்கள் குற்றவாளியின் பெயரை மாற்றிவிட்டனர். நீங்கிய விதத்தையும் மாற்றிவிட்டனர். இருதுபன்னன் என்னும் மன்னனுக்குத் தேரோட்டச் செல்கிறான் நளன். வழியிலே ஒரு தான்றி மரம். அம்மன்னன் மரத்தை ஒருமுறை பார்த்து, அதன் இலையையும் காயையும் எண்ணிக்கை தவறாமல் சொல்லிவிடுகிறான். அந்த எண்ணும் கலையையும் காய் உருளும் நுட்பத்தையும் நளன் அவனிடம் கற்கிறான். கற்ற அக்கணமே கலி அவன் உடலைவிட்டு ஓடுகிறது. புராணத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் நம்புவோர் அதையாவது ஒழுங்காகப் படிக்கக் கூடாதா? கலியை ஓட்டியது குளத்து நீரன்று, கணக்கு!

குளக்கரையை அடைந்தோம். எண்ணெய் தேய்த்து முழுகியவர்கள், உடுத்திய துணியை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். துணியோடு தோஷமும் போய்விடுமாம். ஈரத்துணி குவியல் குவியலாய்க் கிடக்கிறது. அதை அள்ளி அகற்றுவோர் யார்? துப்புரவுப் பணியாளர்கள். ஆயிரமாயிரம் பேரின் சனியை நாள்தோறும் வெறுங்கையால் வாரியெடுக்கும் அவர்களைச் சனி பற்றாதா? பற்றாதெனில், துணியிலே சனி இல்லை. பற்றுமெனில், தன் கேட்டைக் கழற்றி ஏழைத் தொழிலாளியின் கையிலே திணித்துவிட்டுப் போவதற்குப் பெயர் பக்தியா? இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும் ஐதீகக்காரர்கள்.

கணக்கிலாவது அவர்களுக்குள் ஒற்றுமை உண்டா? 2023இல் சனி மகரம் விட்டுக் கும்பம் புகுந்த நாள், திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி திசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது இரண்டாவது நாளில். பதினொரு திங்கள் வேறுபாடு! இடையிலே பிறந்த பிள்ளைக்கு எந்தச் சனி? மறுபுறம், காசினி என்ற ஆய்வுக்கலம் 2004இல் சனியை அடைந்தது. பதின்மூன்று ஆண்டுகள் அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, 2017 செப்டம்பர் 15இல் அதன் வளிமண்டலத்திலே பாய்ந்து எரிந்தது. அனுப்பியவர்கள் நாளும் நொடியும் குறித்து வைத்திருந்தனர். பதினொரு திங்கள் பிசகவில்லை.

குடந்தையையும் மயிலாடுதுறையையும் சுற்றி ஒன்பது கோளுக்கும் ஒன்பது ஊர். திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருநாகேசுவரம், திருவெண்காடு என்று சுற்றுலாவே நடக்கிறது. இடையிலே வைத்தீசுவரன் கோவிலில், கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் நம் பிறப்பும் இறப்பும் எழுதிய ஏடு எடுத்துத் தருவார்களாம். நெல் விளையும் நாட்டிலே அதிர்ஷ்டமும் ஒரு விளைபொருளாகிவிட்டது. நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் உழவன் காத்துக் கிடக்கிறான். அதிர்ஷ்டத்துக்கோ வாங்குவோர் காத்துக் கிடக்கின்றனர்.

இதைப் பார்க்கும்போது நம் எண்ணம் கடல் கடந்து ஓடிற்று. அமெரிக்காவிலே, நெவாடா என்னும் பாலை மாநிலத்திலே, லாஸ் வேகாஸ் என்றொரு நகர். 1905இல் இரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதால் எழுந்த ஊர். உலகமே பொருளாதார முடக்கத்திலே தவித்த 1931இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதே ஆண்டில்தான் அருகே கொலராடோ ஆற்றின் குறுக்கே ஊவர் அணையின் வேலை தொடங்கிற்று. நம் மேட்டூர் அணை நிறைவடைந்தது 1934இல். அவர்கள் அணை திறக்கப்பட்டது 1935இல். ஏறத்தாழ ஒரே வயதுடைய இரண்டு அணைகள்! ஒன்று பாலையிலே சூதாட்ட மாளிகைகளுக்கு ஒளியும் நீரும் தந்தது. மற்றொன்று வயலுக்கு நீர் தருகிறது. அந்த வயலின் பிள்ளை, சூதாட்ட மாளிகையைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு திரிகிறான்.

அந்த நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் இன்னும் சுவையானவை. அணை கட்டிய தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு போல்டர் நகர் என்ற ஊரை அமைத்தது. அங்கே சூதாட்டத்துக்கு இடமில்லை, இன்றளவும் இல்லை. மாநிலமெங்கும் உருளும் காய் அந்த ஊர் எல்லையிலே நின்றுவிடுகிறது. ஏன்? கூலி வாங்கிய கை மறுநாள் காலை கல்லும் காரையும் தூக்க வரவேண்டுமே! வேலை வேண்டியபோது சூது கேடு. பணம் வேண்டியபோது சூது கேளிக்கை. ஆளுவோர் அறியாததன்று இந்த உண்மை. வடமேற்கே ரயோலைட் என்ற ஊர் தங்கம் கண்டு எழுந்து, 1920க்குள் ஏறத்தாழ ஆளற்றுப் போய்விட்டது. இடிந்த சுவர்கள் நிற்கின்றனவாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்நகரின் பெருமாளிகைகளிலே கருப்பினக் கலைஞர்கள் பாடினர், ஆடினர், வெள்ளையர் கைதட்டினர். ஆனால் பாடி முடித்த பாடகன் அதே மாளிகையிலே உறங்க முடியாது, உண்ண முடியாது, நகரின் மேற்குப் பகுதியிலே தம் இனத்தார் நடத்திய விடுதிக்குத்தான் செல்லவேண்டும். 1960 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே அந்தக் கதவுகள் திறந்தன. எவன் வேண்டுமானாலும் வெல்லலாம் என்று விளம்பரம் செய்த ஊர், எவன் உள்ளே வரலாம் என்பதை மட்டும் காயின் கையிலே விடவில்லை! நாதசுரம் வாசித்தவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய தஞ்சைத் தரணியிலே பிறந்த நமக்கு இது புதுக்கதை அல்ல.

அந்த மாளிகைகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதற்குச் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை. சக்கரம் ஒன்று சுழல்கிறது; அதில் 38 குழிகள். ஓர் எண்ணிலே ஒரு ரூபாய் வைத்து வென்றால், வைத்த ரூபாயோடு மேலும் 35 தருவார்கள். ஆக 36. முப்பத்தெட்டுப் பேர் ஆளுக்கொரு குழியிலே ஒரு ரூபாய் வைத்தால் சேர்வது 38. வெல்பவன் ஒருவன் பெறுவது 36. மீதி இரண்டு மேசைக்காரனுக்கு. ஒவ்வொரு சுழற்சியிலும்! யார் வென்றாலும் அவனுக்குக் கவலையில்லை. வெல்பவனுக்குத் திருவருள், தோற்பவனுக்குக் கெட்ட நேரம், நடத்துபவனுக்குக் கணக்கு.

இங்கே நமக்கு ஒரு கடமை உண்டு. பிறர் முதுகைக் காட்டிவிட்டு நம் முதுகை மறைப்பது பகுத்தறிவாகாது. 1967இல் கேரளம் லாட்டரித் துறையைத் தொடங்கிற்று. 1968இல் நம் மாநிலத்திலும் பரிசுச் சீட்டு வந்தது. கொண்டுவந்தது நம் இயக்கத்தின் ஆட்சி, அண்ணா முதலமைச்சராயிருந்த ஆட்சி. பரிசு விழுந்தால் வீட்டுக்கு ஆதாயம், விழாவிடினும் நாட்டுக்கு ஆதாயம் என்னும் பொருள்படச் சொன்னார்கள். அச்சொல்லின் அழகிலே நாமும் மயங்கினோம். சீட்டு வாங்கிச் சட்டைப் பையிலே வைத்தோம். பள்ளிக்கூடம் எழுமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். அரசின் வறுமையும் மத்தியின் வஞ்சனையும் அன்று உண்மையே. எனினும் வாங்கியோர் யார்? பண்ணையாரா? இல்லை, அவருக்கு எதற்கு அது? ரிக்சா இழுத்தவர், பீடி சுற்றியவர், நாற்று நட்டவர். வரி என்றால் உள்ளவனிடம் மிகுதியாக வாங்கவேண்டும். இந்த வரியோ இல்லாதவனைத் தேடிச் சென்று வாங்கிற்று. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றினோம், நல்லதுதான். அதுவும் 1996இல் உச்சநீதிமன்றத்திலே நிற்கவில்லை. சீமானின் குதிரையைத் தடுக்க முனைந்த கை, ஏழையிடம் சீட்டை நீட்டிய முரண்பாடு நம் வரலாற்றிலே இருக்கிறது. 2003இல்தான் லாட்டரி முழுதும் தடை செய்யப்பட்டது, மாற்றுக் கட்சி ஆட்சியிலே. மூன்று எண் சீட்டென்று கள்ளத்தனமாக இன்னமும் கடைத்தெருவிலே அது நடமாடுகிறது.

அந்த 1968ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பாருங்கள். திசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட உழைப்பாளிகளின் குடும்பத்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்தனர். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. பண்ணையாளுக்கு அதுவரை என்ன சொல்லி வைத்திருந்தனர்? முற்பிறப்பின் வினை, தலையெழுத்து, நேரம்! சேரியிலே பிறந்தது அவன் விதி, மிராசு வீட்டிலே பிறந்தது இவன் பேறு.

நம்மிலே சிலர் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதுண்டு, அதிர்ஷ்டம் என்பதே கிடையாதென்று. அது சரியன்று. தற்செயல் உண்டு. எந்தத் தாய் வயிற்றிலே பிறப்பதென்று எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒருவன் மருத்துவமனை அருகே பிறக்கிறான், ஒருவன் ஆற்றுப் படுகையிலே பிறக்கிறான். இது காய் உருண்டதுதான். ஆனால் தற்செயல் வேறு, விதி வேறு. தற்செயலுக்குப் பின்னே எவருமில்லை; அதற்கு நோக்கமில்லை; அதை எவரும் விற்கவும் முடியாது. விதி என்பதோ, தற்செயலுக்கு ஓர் ஆசிரியரைக் கற்பித்து, அவருக்கு ஓர் ஏட்டைக் கற்பித்து, அந்த ஏட்டைப் படிப்பவனுக்குத் தட்சிணையும் கற்பித்த ஏற்பாடு. காய் எந்தப் பக்கம் விழும் என்பது தற்செயல். ஒரு பக்கம் விழுந்தால் நிலம், மறுபக்கம் விழுந்தால் சவுக்கடி என்று பந்தயம் நிர்ணயித்தது மனிதன். மனிதன் நிர்ணயித்ததை மனிதன் மாற்றலாம். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது குத்தகைக்காரனின் பங்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டாயிற்று. எந்தக் கோள் பெயர்ந்து அது வந்தது? உழைப்பாளிகள் சங்கம் கூடியதால் வந்தது.

உழவும் ஒரு சூதுதானே என்று கேட்பவருண்டு. விதைக்கிறான், மழையை எதிர்நோக்குகிறான். வந்தால் வாழ்வு, வராவிட்டால் கடன். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் சூன் 12இல் மேட்டூர் திறக்கவே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவிலே தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டது. ஆம், உழவன் துணிகிறான். ஆனால் அவன் வென்றால் ஊர் உண்கிறது. மேசையிலே ஒருவன் வென்றால் மற்றவன் பட்டினி. உழவனின் துணிவிலே நெல் விளைகிறது; அங்கே புல்லும் விளைவதில்லை. மேலும் மதகு திறப்பது வருணனா? 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று எழுதிற்று. எழுதியது மனிதர், மறுப்பது மனிதர், வாதாடியதும் மனிதர். அந்தத் தாயின் குறுவையைத் தின்றது சனி அல்ல.

மகனை விழுங்கிய ஆட்டமும் அப்படியே. ரம்மிச் சீட்டாட்டம் பெரிதும் திறமை ஆட்டமென்று 1967இலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் தமிழக அரசு சட்டம் இயற்றிற்று. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அத்தடையிலிருந்து விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. திறமையா, தற்செயலா என்று நீதிமன்றங்களிலே வாதம் ஓடிற்று. நாம் கேட்பது எளிய கேள்வி. ஆடும் இருவரிலே ஒருவனுக்குத் திறமை இருக்கலாம்; ஒவ்வொரு ஆட்டத்திலும் தரகு பிடித்துக்கொள்பவனுக்கு எந்தத் திறமை வேண்டும்?

காரைக்காலைப் பற்றி விரித்துரைக்க இடமில்லை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து 1954இல் விடுபட்ட ஊர். தமிழகம் மதுவிலக்கில் இருந்த காலமெல்லாம் தஞ்சை மாவட்டத்துக் குடியர்களின் புகலிடம். தெற்கு எல்லையில் வாஞ்சூர். அங்கே வரிசையாக மதுக்கடைகள். சற்று நடந்தால் நாகூர். அந்த ஊர் மக்களைக் குறை சொல்வதற்கில்லை. எல்லைக் கோட்டை வரைந்தது அவர்களல்ல.

குளக்கரைக்கு மீள்வோம். தாய் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையிலே நின்றார். மகன் படிக்கட்டிலே நம் அருகே உட்கார்ந்தான்.

"எவ்வளவு தம்பி போனது?"

சொன்னான். நாம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவன் கையிலிருந்த எள் முடிச்சை வாங்கி அவிழ்த்து, கல்லின்மீது முப்பத்தெட்டு எள் எண்ணி வைத்தோம். இரண்டை ஒதுக்கினோம். மீதியை ஒரு பக்கம் தள்ளினோம். மீண்டும் முப்பத்தெட்டு, மீண்டும் இரண்டு. நான்காம் முறை அவனே ஒதுக்கினான். ஒதுங்கிய எள்ளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஆடினது சீட்டுங்க ஐயா. சக்கரம் இல்லை."

"சீட்டிலே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவ்வளவு பிடித்தார்கள்?"

விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். எத்தனை இரவு, இரவுக்கு எத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு எவ்வளவு தரகு. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பாதியிலே அம்மையார் வந்துவிட்டார்.

"தம்பி, நேரமாச்சு. போய் முழுகிட்டு வா. சட்டையைத் தண்ணியிலயே விட்டுடணும்."

தாய் சொல் தட்டவில்லை, இறங்கி முழுகினான். ஏறி வந்தபோது சட்டை அவன் கையிலே இருந்தது. முறுக்கிப் பிழிந்து தோளிலே போட்டுக்கொண்டான்.

"விடச் சொன்னேனே, தம்பி!" என்று பதறினார் தாய்.

"நல்ல சட்டைம்மா. களை எடுக்கப் போறப்ப ஆகும்" என்றான்.